யாரால லேட்டு?

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, அது கேட்கிறவரைக்கும் நேரம் இருக்கிறது, அவர் வெளியே வந்துவிட்டால் இல்லை, என்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து துளசிமணி நினைத்துக்கொண்டாள். மணி பத்து இருபது. பதினோரு மணிக்கு இந்த ஹோட்டலில் கீழே இருக்கிற ஹாலுக்குப் போக வேண்டும், போக வேண்டும் என்று யார் சொன்னது, அவர்தான் சொன்னார், டிபன் நேரத்தில் இட்லித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஹோட்டல் பெண்ணிடம் ‘கரெக்டா பதினோரு மணிக்கு வந்துருவமுங்க’ என்று வாக்குக் கொடுத்தார். கொடுத்தவர் மறந்திருப்பார். காலையில் சாப்பிட்டது இட்லியா பொங்கலா என்று கேட்டால் முழிக்கிற மனிதருக்குப் பதினோரு மணியா ஞாபகம் இருக்கப்போகிறது. ஆகவே அவள் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை, வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பதினொன்று வந்து போய்விடும், அப்புறம் சாப்பாடு, ஒரு தூக்கம், சாயங்காலம் கோத்தகிரி கடைத்தெரு, நாளைக்குக் காலையில் தாராபுரத்துக்குத் திரும்பிவிடலாம். வாயை மூடிக்கொண்டிருப்பதும் பொய்தானா என்று ஒரு கேள்வி வந்தது, அதைத் தள்ளிவிட்டாள், அது கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டு அவளையே பார்த்தது. சரி, மறந்துவிட்டார் என்றால் இந்த வெள்ளைச் சட்டையை என்ன சொல்ல? குளிக்கப் போகுமுன் அவரே பெட்டியிலிருந்து எடுத்து, மடிப்புக் கலையாமல் கட்டில்மேல் விரித்து, பையில் பேனாவைச் சொருகி வைத்துவிட்டுப் போயிருந்தார். கீழே கறுப்பு ஷூ, ஜோடியாக, வாசலைப் பார்த்து. மலைக்கு வந்த மூன்று நாளும் செருப்பும் மப்ளருமாகத் திரிந்தவர் இன்றைக்கு மட்டும் எதற்காக இதை எடுத்தார். ஞாபகம் இருக்கிறதா, இல்லை கை தானாக எடுத்துவிட்டதா. தாராபுரம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்த முப்பத்து நாலு வருஷமும் அந்தக் கை காலையில் வெள்ளைச் சட்டையைத்தான் எடுத்தது, ஆகவே கையை நம்புவதற்கில்லை.

அந்தப் பெண் பெயர் ரெஜினாவாம். கழுத்தில் அட்டை, உதட்டில் சிரிப்பு, சட்னி பரிமாறுகிற ஆளையும் தாண்டிக்கொண்டு வந்து நின்றாள். ‘ஒரு மணி நேரம்தான் சார். டைம்ஷேர்னு சொல்லுவாங்க. ரூமை வாங்க வேண்டாம், ரூம்ல ஒரு வாரத்தை மட்டும் வாங்கிக்கலாம். வருஷத்துக்கு ஏழு நாள், இருபத்தஞ்சு வருஷம், அது உங்க வாரம் சார், வேற யாரும் தொட முடியாது. ஆனா ஹஸ்பண்ட் வைஃப் ரெண்டு பேரும் வரணும், அது எங்க ரூல்.’ நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ‘நேரத்தைக் கூட விக்கறீங்களா, நான் முப்பத்திநாலு வருசமா பஸ் ஸ்டாண்டுல சும்மாவே குடுத்துட்டிருந்தனுங்களே’ என்றார். ரெஜினா நிஜமாகவே சிரித்தாள். அவ்வளவுதான், மனிதர் நிமிர்ந்துவிட்டார். டைம் கீப்பர் வேலை என்றால் என்ன, எந்த வண்டி எப்போது வரும், எவ்வளவு நேரம் நிற்கும், எல்லாவற்றையும் அந்தப் பெண்ணுக்குச் சொன்னார், ஒரு எண் தப்பவில்லை, ஆறு நாற்பது பழனி, ஆறு ஐம்பத்தைந்து ஒட்டன்சத்திரம், ஏழு பத்து கரூர், துளசிமணி தட்டைப் பார்த்துக்கொண்டே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள், எந்த இடத்தில் இடறுவாரோ என்று, இடறவே இல்லை. ‘இருபத்தஞ்சு வருசம்னா எனக்குத் தொண்ணூத்திரெண்டு, இவளுக்கு எம்பத்தேழு’ என்று கணக்கும் போட்டார். அந்தப் பெண் போனபிறகு அவள் பக்கம் குனிந்து, ரகசியம் மாதிரி, ‘வருசத்துக்கு ஏழு நாளு அம்மிணி, நம்முளுதே’ என்றார். கல்யாணம் ஆன முதல் வருஷம் ஊட்டிக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொன்ன மனிதர். தீபாவளி என்றால் ஸ்பெஷல் பஸ், பொங்கல் என்றால் ஸ்பெஷல் பஸ், தைப்பூசம் என்றால் பழனிக்குப் போகிற கூட்டம், ஊரெல்லாம் எங்கேயாவது போகும்போது போகவைக்கிறவர் மட்டும் போக முடியாது. இப்போதும் மகன் யுவராஜ் பெங்களூரிலிருந்து ரூம் போட்டுக் கொடுத்ததால் வந்தார்கள். ‘அப்பாவை வெளிய கூட்டிட்டுப் போம்மா, இப்பவே போய்ட்டு வந்துருங்க’ என்றான். அந்த ‘இப்பவே’ என்ற சொல்லை அவன் சாதாரணமாகத்தான் சொன்னான், அவளுக்குத்தான் அது மூன்று நாளாகக் காலில் நெருஞ்சியாகக் குத்துகிறது.

கோயம்புத்தூர் டாக்டர் அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளிடமும் யுவராஜிடமும் மட்டும் அந்த வியாதியின் பெயரைச் சொன்னார். இன்னும் ரெண்டு வருஷம் இப்படியே சமாளிக்கலாம்மா, அதுக்கப்புறம் உங்களையே தெரியாமப் போகலாம், என்றார். அவரிடம் வயசுக்கு வருகிற மறதி என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். அவரும் அதை நம்பிக்கொண்டு சீட்டில் எழுதி எழுதிச் சட்டைப்பையில் வைக்கிறார், பையில் சீட்டு இருப்பதை மறந்துவிடுகிறார், துவைக்கும்போது அவள் கையில் கூழாக வருகிறது. அதுகூடப் பரவாயில்லை. அவளை அரிப்பது வேறு. முதல் பொய்யை எந்த நாளில் சொன்னாள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். எதிர்வீட்டுச் சுப்பாத்தாள் மகள் கல்யாணத்தன்று. அதற்கு முந்தின வாரம் ஒரு கிரகப்பிரவேசத்தில் ஒரே ஆளிடம் மூன்று தடவை ‘உங்களுக்கு எந்த ஊருங்க’ என்று கேட்டார், மூன்றாவது தடவை அந்த ஆள் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்துச் சிரித்தான், அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. கல்யாணத்தன்று காலையில் அவர் பத்திரிகையோடு வந்து ‘கிளம்பலியா’ என்றபோது, ‘அது போன வாரமே முடிஞ்சுதுங்களே, போய்ட்டு வந்தமே’ என்றாள். வாயிலிருந்து தானாக வந்தது, வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. அவர் பத்திரிகையைப் பார்த்தார். தேதி அதில் அச்சடித்திருந்தது. தேதியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், நாற்பது வருஷமாக மணியையும் தேதியையும் தவிர வேறு எதையும் நம்பாத மனிதர், பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, ‘ஆமாமா, பந்தி நல்லா இருந்துச்சு’ என்றார். அவள் சமையலறைக்குள் போய் அடுப்பைப் பற்றவைத்து ஒன்றும் வைக்காமல் நின்றாள். அதற்குப் பிறகு மொபெட் சாவியை ஒளித்துவைத்து ‘நீங்கதான் பால்காரருக்குக் குடுத்தீங்க’ என்றது, அவர் தம்பி வீட்டுக்குப் போகலாம் என்றபோது ‘நேத்துத்தான போனோம்’ என்றது, எத்தனை எத்தனை. ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரே பதில் வைத்திருந்தார். ‘நீ சொல்லியிருப்ப அம்மிணி, நாந்தான் மறந்துருப்பன்.’ திட்டினால் பதிலுக்குத் திட்டலாம், சந்தேகப்பட்டால் சண்டை போடலாம், இப்படிக் குற்றத்தை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொள்கிறவரை என்ன செய்வது. வியாதி அவரிடமிருந்து தினம் கொஞ்சம் எடுத்துக்கொண்டுபோகிறது, மீதியை அவள் எடுக்கிறாள். அதை வெளியே சொல்லி அழக்கூட ஆளில்லை.

ஜன்னலுக்கு வெளியே மூடுபனி வந்து எதிரே இருந்த தேயிலைச் சரிவை அழித்துவிட்டுப் போய், மறுபடி வந்தது. எங்கோ கொண்டைஊசி வளைவில் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. ஹாலில் வட்ட மேசைகள் போட்டிருப்பார்கள், நேற்றைக்கு எட்டிப் பார்த்தாள், மேசைக்கு ஒரு ஜோடி, எல்லாம் சின்ன வயசு, எதிரே ஒரு விற்கிற ஆள். போன வருஷம் லீவுக்கு எங்க சார் போனீங்க என்று கேட்பார்கள். அவர் முழிப்பார். உங்க கல்யாண நாள் என்ன சார். முழிப்பார், இல்லை, ஏழு பத்து கரூர் என்பார். பக்கத்து மேசைக்காரன் திரும்புவான், அந்தச் சிரிப்பு. அதையும் தாண்டி உட்கார்ந்திருந்தால் இருபத்தைந்து வருஷம் வரும். ஒவ்வொரு வருஷமாகப் படம் போட்டுக் காட்டுவார்களாம், மூணாறில் நீங்கள், கோவாவில் நீங்கள், பேரன் பேத்தியோடு நீங்கள். ரெண்டு வருஷம் என்று டாக்டர் சொன்னதைப் பிடித்துவைத்துக்கொண்டு அவள் எப்படி அந்த இருபத்தைந்தைப் பார்த்துத் தலையாட்டுவாள். அவர் தலையாட்டுவார், சந்தோஷமாகப் பேனாவை எடுப்பார், ரெண்டு பேர் கையெழுத்தும் வேண்டும் என்பார்கள், அவள் மாட்டேன் என்றால் ஏன் என்பார். ஏன் என்று சொல்ல முடியுமா அவளால், அத்தனை பேர் நடுவில். முடியாது, போகக்கூடாது, போகவே கூடாது. வெள்ளைச் சட்டையை மறுபடி பெட்டியில் வைத்துவிட்டால்? தேடுவார். மேசைமேல் அவருடைய வாட்ச் கிடந்தது, ரிடையர் ஆனபோது சக ஊழியர்கள் வாங்கிக்கொடுத்த பேட்டரி வாட்ச், குளிக்கும்போது மட்டும் கழற்றுவார். அவள் கை அதை எடுத்துவிட்டது. முள்ளை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைத்தால் போதும். ஒருவேளை அவருக்கு ஞாபகம் இருந்தாலும் வாட்ச்சைப் பார்ப்பார், இன்னும் நேரம் இருக்கிறது என்று உட்கார்ந்திருப்பார், இவர் வாட்ச்சில் பதினொன்று பார்த்துப் போகும்போது அங்கே மேசையை எல்லாம் மடக்கியிருப்பார்கள். ரூமில் சுவர்க்கடிகாரமும் கிடையாது. நகத்தைக் கொடுத்து வாட்ச்சின் பக்கவாட்டுச் சாவியை இழுத்தாள். க்ளிக் என்றது, விநாடி முள் நின்றுவிட்டது.

நின்ற முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவருடைய வாட்ச்சையா. வீட்டில் எதை எங்கே மாற்றி வைத்தாலும் ஒன்றும் சொல்லாதவர், வாட்ச்சைத் தொட்டால் மட்டும் முகம் மாறும். பஸ் ஸ்டாண்டில் அவர் ரிஜிஸ்டரில் கடைசிக் கட்டம், லேட்டுக்குக் காரணம். வண்டி தாமதமாக வந்து நின்றதும் கண்டக்டர் ஓடிவருவான், தலையை நிமிர்த்தாமலே ‘யாரால லேட்டு?’ என்று கேட்பார். எதனால் என்று கேட்க மாட்டார், யாரால் என்றுதான் கேட்பார். ரயில்வே கேட்டுங்க சார், டயருங்க சார், ஆடு குறுக்க வந்துச்சுங்க சார் என்று கதை அளந்தவனையெல்லாம் அப்படியே எழுதி மேலே அனுப்பிவிடுவார். அபூர்வமாக எவனாவது ‘என்னாலதானுங்க சார், டீ குடிக்க நின்னுட்டேன்’ என்றால், பேனாவை மூடிவிட்டு ‘சரி, வண்டிய எடு’ என்பார், அவ்வளவுதான், கட்டம் காலியாக இருக்கும். முன்னால் கிளம்பினாலும் விடமாட்டார், லேட்டு வண்டிக்காவது ஆள் காத்திருக்கும், முன்னால போன வண்டியை ஓடினாலும் பிடிக்க முடியாது என்பார். யுவராஜ் கைக்குழந்தையாக இருந்தபோது பல்லடத்தில் அவளுடைய அப்பாவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று தகவல் வந்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள், வண்டி நகர்ந்துகொண்டிருந்தது, விசில் அடித்து அனுப்பியவர் இவர்தான், பார்த்துக்கொண்டே அனுப்பினார். அடுத்த வண்டியில் போனாள், அப்பாவைப் பேச்சோடு பார்த்தாள், ஆகவே பெரிய மோசம் ஒன்றுமில்லை, ஆனாலும் திரும்பி வந்தபிறகு நாலு நாள் முகம் கொடுக்கவில்லை. அப்போதும் இதே கேள்விதான், ‘யாரால லேட்டு அன்னிக்கு?’ ‘உங்க அம்மாளாலதான், வேற யாரு’ என்றாள். உண்மையில் தலை பின்னிக்கொண்டு நின்றதால் லேட்டு. மாமியார் பாவம், போய்ச் சேர்ந்தும் இருபது வருஷம் ஆகிவிட்டது. அந்தக் கேள்விக்கு அவள் ஒரு நாளும் என்னாலதான் என்று பதில் சொன்னதில்லை. அப்படிப்பட்ட மனிதருடைய வாட்ச்சிலேயே இன்றைக்குக் கைவைக்கிறாள், என்ன ஜென்மம் இது, என்று நினைக்கும்போதுதான் தண்ணீர்ச் சத்தம் நின்றுபோயிருப்பது உறைத்தது. தாழ்ப்பாள் அசைந்தது. முள்ளைத் திருப்பவில்லை, திருப்ப மனசு வரவில்லை, சாவியை அழுத்திவிட்டு வாட்ச்சை இருந்த இடத்திலேயே வைத்தாள். விநாடி முள் ஒன்றும் நடக்காததுபோல ஓட ஆரம்பித்தது.

நாச்சிமுத்து துண்டோடு வந்தார். வாட்ச்சைத்தான் முதலில் கட்டினார், அப்புறம் சட்டை, அப்புறம் நிதானமாக ஷூவின் கயிறு. தலை சீவினார். பிறகு கட்டிலில், முழங்கால்மேல் ரெண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், ஆஸ்பத்திரியில் பெயர் கூப்பிடக் காத்திருப்பவர் மாதிரி. அவள் துணியை மடிப்பதுபோல எதையோ மடித்தாள். அவர், ‘எங்கியோ போகோணும் அம்மிணி’ என்றார்.

மடித்ததையே அவள் பிரித்து மறுபடி மடித்தாள்.

‘எங்கேன்னுதான் தெரியில. யாரோ காத்துட்டிருக்காங்க.’ சட்டைப்பையைத் தடவினார், பேனா மட்டும் இருந்தது. அவளைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார். ‘நீ சொல்லியிருப்ப. நாந்தான் மறந்துட்டன்.’

எங்கயும் இல்லீங்க, படுங்க, என்று சொன்னால் படுத்துவிடுவார். ஷூவைக் கழற்றிவிட்டுப் படுத்துவிடுவார், அவ்வளவு சுலபம். சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் இந்தக் காலைநேரத்தில் இவரிடம் மிச்சம் இருந்ததே இது ஒன்றுதான், யாரோ காத்திருக்கிறார்கள் என்கிற இது ஒன்று, எத்தனையோ உதிர்ந்துபோனதில் இதை மட்டும் எப்படியோ இறுக்கிப் பிடித்துச் சட்டை போட்டு ஷூ மாட்டி இவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்கிறார், இதையும் அவள் கையால் பிடுங்க வேண்டுமா. மாட்டேன் என்று நினைத்தாள், நினைத்ததும் அழுகை வந்தது, அழுதுகொண்டே சொன்னாள்.

‘நான் ஒண்ணும் சொல்லலீங்க. நீங்கதான் சொன்னீங்க. கீழ அந்தப் பொண்ணுகிட்ட, பதினோரு மணிக்கு வந்தர்றோம்னு. நீங்க மறக்கலீங்க.’

‘மறக்கலையா?’

‘மறக்கல.’

அந்த முகத்தை அவள் ரொம்ப நாளாகப் பார்க்கவில்லை. பரீட்சையில் பாஸ் ஆன பையன் முகம். ‘பின்ன எதுக்கு அழுவற, சேலைய மாத்து, பதினாறு நிமிசம் இருக்குது’ என்றார் வாட்ச்சைப் பார்த்து.

ஹாலின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவளை நிறுத்திவைத்தார். இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கிறதாம், முன்னாலும் போகக்கூடாது பின்னாலும் போகக்கூடாது. மணிக்கட்டை உயர்த்தி விநாடி முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார், அதே பழைய நிற்பு, வாயில் விசில் மட்டும்தான் இல்லை. அவள் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள். மேசைகள் நிறைந்திருந்தன. சுவரில் பெரிய வட்டக் கடிகாரம், பதினொன்று தாண்டி அஞ்சு நிமிஷம் காட்டியது. முதலில் அது தப்பான கடிகாரம் என்று நினைத்தாள். அப்புறம் அவளுடைய விரல் நுனிக்கு அந்த க்ளிக் ஞாபகம் வந்தது. சாவியை இழுத்துவைத்துக்கொண்டு எத்தனை நேரம் உட்கார்ந்திருந்தாள் அவள்? சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று அவர் பக்கம் திரும்பினாள். ‘பதினொண்ணு’ என்று அவர் சந்தோஷமாகக் கதவைத் தள்ளினார்.

ரெஜினா எழுந்து வந்தாள். ‘வாங்க சார், பரவால்ல சார், இப்பதான் ஆரம்பிச்சோம், இதுல சைன் பண்ணிருங்க’ என்று ஒரு நோட்டை நீட்டினாள். பெயர், ரூம் நம்பர், வந்த நேரம். பேனாவை எடுத்த நாச்சிமுத்து ‘பரவால்ல’ என்ற சொல்லில் தடுக்கி நிமிர்ந்தார். சுவரைப் பார்த்தார். வாட்ச்சைப் பார்த்தார். மறுபடி சுவர். டாக்டர் என்ன பெயர் வைத்தால் என்ன, அவருக்கு நடந்துகொண்டிருப்பது என்னவென்று அந்த ஒரு கணத்தில் அவருக்கே முழுசாகத் தெரிந்ததுபோல இருந்தது. நோட்டில் 11.07 என்று சுத்தமாக எழுதினார். ‘காரணம் எழுதக் கட்டம் இல்லீங்களே’ என்றார். ரெஜினாவுக்குப் புரியவில்லை, சிரித்துவைத்தாள். அவர் துளசிமணி பக்கம் திரும்பினார். ‘நாந்தான் அம்மிணி. வாட்ச்சைச் சரியா வெக்காம உட்டுட்டன். இதுவும் போச்சு எனக்கு.’

‘இல்லீங்க’ என்றாள். பக்கத்து மேசையில் ஒருவன் திரும்பினான், திரும்பட்டும். ‘நீங்க குளிக்கறப்ப நாந்தான் சாவிய இழுத்து நிறுத்தி வெச்சேன். உங்கள இங்க வர உடக்கூடாதுன்னு. வாட்ச்சு மேலயும் தப்பில்ல, உங்க மேலயும் தப்பில்ல. என்னாலதானுங்க லேட்டு.’

அவர் அவளையே பார்த்தார். பிறகு பேனாவை மூடிப் பையில் சொருகினார்.

‘சரி, வண்டிய எடு’ என்றார்.

நாற்காலியில் உட்கார்ந்து, சாவியை இழுத்து, சுவரைப் பார்த்து ஏழு நிமிஷத்தைச் சரி செய்தார். ரெஜினா ஃபைலைத் திறந்தாள், அதில் ஒரு மலை, ஒரு ஏரி, ஏரிக்கரையில் தலை நரைத்த ஒரு ஜோடி. ‘இது உங்க வாரம் சார்’ என்று ஆரம்பித்தாள். துளசிமணிக்குக் காதில் ஒன்றும் விழவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவரிடம் அந்தப் பதிலைச் சொல்லி, முதல் தடவையாக அவர் கையால் மன்னிப்பும் வாங்கியாகிவிட்டது, ஆனால் கொடுத்தவர் இதைக் கால்மணி நேரம்கூட வைத்திருக்க மாட்டார், ரெண்டு பேருக்கும் சேர்த்து இனி அவள்தான் வைத்துக்கொள்ள வேண்டும், இதையும், ஊட்டியையும், பழனி ஆறு நாற்பதையும், எல்லாவற்றையும். இருபத்தைந்து வருஷத்தில் மூன்றாவது வருஷமோ நாலாவது வருஷமோ ஓடிக்கொண்டிருந்தபோது அவர் முழங்கை அவளை இடித்தது. படத்தைப் பார்த்தபடியே, உதடு அசையாமல், ரகசியமாகக் கேட்டார்.

‘இந்தப் பொண்ணு யாரு அம்மிணி? நீ சொல்லியிருப்ப.’

‘இல்லீங்க, இன்னும் சொல்லல’ என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ‘இப்பச் சொல்றேன்.’